காதில் ஒரு ரப்பர் குழாய்

முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் காரின் பானட்டுக்குள் விட்டு, கண்ணை மூடி நின்றிருந்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்கு நாங்கள் குடிவந்து மூன்றாவது வாரம். எங்கள் வீட்டில் தவறிக் கொடுத்துவிட்டுப் போன பார்சலை ஒப்படைக்கலாம் என்று பக்கத்து வீட்டுக் கராஜுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். நின்றேன். பதினோரு வருடமாக சனிக்கிழமை காலைகளில் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

அந்தக் கார் 1962-ஆம் வருடத்து ஜாகுவார் மார்க் 2. 3.8 லிட்டர் இன்ஜின், கரும்பச்சை நிறம், பழுப்புத் தோல் இருக்கைகள், வால்நட் மரத்தில் இழைத்த டாஷ்போர்டு. இந்த ரகத்தை இங்கே ஸ்போர்ட்ஸ் சலூன் என்பார்கள். நம் ஊரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. பிரிட்டனில் அது நாம் செடான் என்று சொல்லும் கார்: நாலு கதவு, பின்னால் டிக்கி, குடும்பம் உட்கார இடம். அதற்குள் பந்தயம் ஓடி ஜெயித்த இன்ஜினை வைத்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் சலூன்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களை நின்று ரசிப்பேன், அவ்வளவுதான். மனசு ஒட்டிக்கொள்வது இந்த நாலு கதவு வண்டிகளோடுதான். ஸ்போர்ட்ஸ் கார் ஒருத்தருடைய ஆசைக்காக வாங்குவது. சலூன் ஒரு வீட்டுக்காக வாங்குவது. வேலைக்குப் போகும், பிள்ளையைப் பள்ளியில் விடும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். பிறகு ஒரு நாள் சாலை காலியாகக் கிடக்கும்போது, அதே வண்டி வேறு ஒரு முகத்தைக் காட்டும். வேகத்தைக் கொண்டுவந்து வீட்டு வாழ்க்கைக்குள் வைத்த வண்டிகள் இவை. அறுபது வருடம் கழித்தும் பெட்ரோல் பங்கில் நின்றால் முன்பின் தெரியாதவர்கள் வந்து பேசுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். வந்து பேசுகிறவர் முதலில் காரைப் பற்றிப் பேசுவதில்லை. "எங்க அப்பாகிட்ட ஒண்ணு இருந்தது" என்றுதான் ஆரம்பிப்பார்.

மார்க் 2-வின் கதையை நெருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கோவென்ட்ரியைக் கொளுத்தின. எரிந்துபோன தேவாலயத்தின் கூரையில்லாத சுவர்கள் நகரத்து நடுவில் இன்றும் அப்படியே நிற்கின்றன. போர்க்காலத்தில் ஆலைகளில் ராத்திரி தீக்காவல் இருப்பது வழக்கம். குண்டு விழுந்து தீப்பிடித்தால் உடனே அணைக்க ஆள் வேண்டுமே. ஜாகுவாரின் ஃபோல்ஸ்ஹில் ஆலையில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் முதலாளி வில்லியம் லயன்ஸும், அவருடைய பொறியாளர்கள் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோரும் சேர்ந்து காவல் இருந்தார்கள். வானத்தைப் பார்த்தபடி, போர் முடிந்ததும் செய்யப்போகும் ஒரு இன்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எது எப்போது தலையில் விழும் என்று தெரியாத இரவில், அமைதிக்காலத்துக் கார் ஒன்றைப் பற்றி! இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அப்படிப் பிறந்ததுதான் எக்ஸ்கே இன்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஏழு மெயின் பேரிங், மேலே வால்வுகளைத் திறந்து மூட இரண்டு கேம்ஷாஃப்ட். இரட்டைக் கேம்ஷாஃப்ட் என்பது அந்தக் காலத்தில் பந்தயக் கார்களுக்கும் மிக விலை உயர்ந்த வண்டிகளுக்கும் உரியது. ஹெட்டின் வடிவத்தில், அந்த வேலையில் நிபுணரான ஹாரி வெஸ்லேக்கின் கை உண்டு. பானட்டைத் திறந்தால் இன்ஜின் பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்பது லயன்ஸின் பிடிவாதம். பெரியவர் தன் வண்டியில் அந்த இரண்டு நீள அலுமினிய மூடிகளைப் பாலிஷ் போட்டுத் துடைத்து வைத்திருப்பார். முகம் தெரியும்.

இந்த இன்ஜின் 1948-இல் லண்டன் கண்காட்சியில் எக்ஸ்கே120 என்ற இருவர் ஸ்போர்ட்ஸ் காரில் அறிமுகமாகிப் பேர் வாங்கியது. ஆனால் அதை ஒரு பெரிய நாலு கதவு சலூனுக்காகத்தான் உருவாக்கினார்கள். அந்தச் சலூன், மார்க் 7, வரத் தாமதமானதால்தான் நடுவில் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து இன்ஜினைக் காட்டினார்கள். அப்புறம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951, 1953, பிறகு 1955, 1956, 1957 என்று ஐந்து முறை ஜெயித்தது இதே இன்ஜின் குடும்பம். குடும்பக் காருக்கென்று யோசித்த இன்ஜின் பந்தயத்துக்குப் போய் ஜெயித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தது. 1992 வரை, டெய்ம்லர் லிமோசின் உற்பத்தி நிற்கும் வரை, அதைத் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். நாற்பத்து நாலு வருடம்.

லயன்ஸ் எந்த டிசைன் பள்ளியிலும் படித்தவர் இல்லை. 1922-இல் பிளாக்பூலில் கூட்டாளி வில்லியம் வாம்ஸ்லியோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் செய்து விற்க ஆரம்பித்தவர். புதுக் காரின் உருவத்தைக் காகிதத்தில் போடுவதைவிட, மரத்திலும் தகட்டிலும் முழு அளவில் செய்யச் சொல்லி, அதைத் தன் வீட்டு முற்றத்துக்கே கொண்டுவரச் சொல்வார். வெளிச்சம் மாற மாறச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். இந்த வளைவை அரை அங்குலம் குறை, அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாழ்த்து என்பார். மார்க் 2-வின் பின்பக்கம், கூரையிலிருந்து டிக்கி வழியாக பம்பர் வரைக்கும் இறங்கும் அந்தக் கோட்டைச் சாயங்கால வெயிலில் பார்த்தால், கண் எடுத்த முடிவு அது என்பது புரியும். "நளினம், இடம், வேகம்" என்பது கம்பெனியின் விளம்பர வாசகம். மூன்றும் ஒரே வண்டியில் சேர்வது எவ்வளவு அபூர்வம் என்று கார் ஓட்டுகிற யாருக்கும் தெரியும்.

மார்க் 2 வந்தது 1959 அக்டோபரில். 3.8 லிட்டர் வகைக்கு 220 குதிரைத்திறன், மணிக்கு 125 மைல் வேகம். அடுத்த மாதமே, நவம்பர் 2-ஆம் தேதி, எம்1 நெடுஞ்சாலையின் முதல் பகுதி திறந்தது. அன்று அதில் வேக வரம்பே கிடையாது. மணிக்கு 70 மைல் என்ற கட்டுப்பாடு 1965 டிசம்பரில்தான் வந்தது. நேர்ச்சாலை, புதுத் தளம், வரம்பில்லாத வேகம், அதற்கென்றே செய்தாற்போல ஒரு கார். அந்த ஆறு வருடங்களைப் பெரியவர் சொல்லும்போது குரலே மாறிவிடும். போலீஸும் மார்க் 2 வாங்கியது, கொள்ளைக்காரர்களும் அதையே விரும்பினார்கள். துரத்துகிறவருக்கும் ஓடுகிறவருக்கும் ஒரே வண்டி.

இவ்வளவு வேகமாகப் போகும் வண்டியை நிறுத்தவும் வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். நாலு தடவை அழுத்தினால் சூடேறி, ஐந்தாவது தடவை கால் சும்மா இறங்கும். 1953-இல் லெ மானில் ஜாகுவார் ஜெயித்ததற்கு டன்லப் டிஸ்க் பிரேக் ஒரு பெரிய காரணம். ஆறே வருடத்தில் அந்த டிஸ்க் பிரேக்கை நாலு சக்கரத்திலும் போட்டு, டாக்டரும் வக்கீலும் வாங்கும் காரில் விற்றார்கள். பிரான்ஸ் முழுக்கச் சுற்றிவரும் டூர் டி ஃபிரான்ஸ் கார் பந்தயத்தில் பெர்னார் கோன்ஸ்தான் மார்க் 2-வில் 1960 முதல் 1963 வரை தொடர்ந்து நாலு வருடம் சலூன் பிரிவில் ஜெயித்தார். அதே வருடங்களில் கடையில் நின்ற அதே வண்டியின் முன் இருக்கைகளின் முதுகில், மரத்தில் இழைத்த இரண்டு குட்டி மேசைகள் மடித்து வைத்திருந்தன. பின்னால் உட்காருகிறவர்கள் வழியில் எங்காவது நிறுத்தி சாண்ட்விச் சாப்பிட, டீ வைக்க. என் மகள் ஏழு வயதில் முதல் தடவை ஏறியபோது அந்த மேசையைத்தான் கண்டுபிடித்தாள். டக் என்று திறந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அது "மேசைக் கார்".

சரி, ரப்பர் குழாய்க்கு வருகிறேன். 3.8-இல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்க இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள். ஒன்று முன் மூன்று சிலிண்டருக்கு, மற்றது பின் மூன்றுக்கு என்று சொல்லலாம். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை காத்திருந்து, ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் குழாயை வைத்துக் கேட்டால் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சீறல். இரண்டு சீறலும் ஒரே சுருதியில் இருக்கும் வரை ஐட்லிங் ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். அப்புறம் கலவை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை அடியில் இருக்கும் சின்ன ஊசியால் மயிரிழை தூக்கவேண்டும். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி, உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரி. இவ்வளவுதான். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஒரு காது, ஒரு விரல், பொறுமை.

இது தெரிந்த பிறகுதான் இந்த வண்டிகளின் மதிப்பு எனக்குப் பிடிபட்டது. என் சொந்தக் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. வேறொரு கருவியை மாட்டித்தான் கேட்க வேண்டும். எக்ஸ்கே நேராகப் பேசும். சூடேறிய பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஆயில் பிரஷர் முள் 40-ஐத் தொட்டால் நலம். முன்பக்கம் மேலே சங்கிலி கலகலத்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார். வால்வை அழுத்தும் டேப்பெட்டின் லேசான டிக்டிக் கேட்டால் கவலைப்படாதே. கேட்காமல் போனால்தான் வால்வு இடைவெளி அடைபட்டிருக்கிறதா என்று கவலைப்படு. இதெல்லாம் பெரியவர் சொல்லிக்கொடுத்தவை. வாழ்நாள் முழுக்க இந்த ஊர் ஆலைகளில் டூல்ரூம் ஃபிட்டராக இருந்தவர். மார்க் 2 உருவான பிரவுன்ஸ் லேன் ஆலையில் 2005-இல் கார் உற்பத்தி நின்றது. இன்று அந்த இடத்தில் வீடுகளும் கிடங்குகளும். அந்தப் பக்கம் போகும்போது அவர் ஒன்றும் பேசமாட்டார்.

ஜாகுவார் மட்டும் இல்லை. 1963-இல் வந்த லோட்டஸ் கார்ட்டினா: சாதாரண ஃபோர்டு குடும்பக் காரில் லோட்டஸின் இரட்டைக் கேம்ஷாஃப்ட் இன்ஜின், வெள்ளை உடம்பில் பச்சைக் கோடு. ஜிம் கிளார்க் அதில் வளைவுகளில் முன்சக்கரம் ஒன்று காற்றில் தூக்கியபடியே ஓட்டி 1964 பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். 1973-இல் டிரயம்ப் டாலமைட் ஸ்பிரின்ட்: ஒரே கேம்ஷாஃப்டால் 16 வால்வுகளை இயக்கும் புத்திசாலித்தனமான ஹெட், அதற்கு மறு வருடமே டிசைன் கவுன்சில் விருது. ஹெட் கேஸ்கெட் தொல்லையால் பெயர் கெட்டது, ஆனாலும் அந்த இன்ஜினின் யோசனை அழகு. இவை ஒவ்வொன்றைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும்.

ஆனால் ரோவர் எஸ்டி1-ஐ அப்படி விட்டுப்போக முடியாது. அதற்கு என் அப்பா காரணம். மூன்று வருடத்துக்கு முன் தாம்பரத்திலிருந்து வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய கார்கள் கூடும் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஜாகுவார்களைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தவர், ஒரு மஞ்சள் எஸ்டி1 முன்னால் சட்டென்று நின்றார்.

"டேய், இது நம்ம ஸ்டாண்டர்ட் 2000 தானே?"

"ஆமாம்ப்பா. அதோட ஒரிஜினல் இதுதான்."

அவர் அதைச் சுற்றி வந்தார். ஹெட்லைட்டைத் தொட்டுப் பார்த்தார். 1980களில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் ஆலையிலிருந்து அந்த வண்டி வெளியே வருவதைப் பார்த்தாராம். அதுவரைக்கும் சாலையில் அம்பாசிடரும் பியட்டும் பார்த்த கண்ணுக்கு, அந்தக் கூர்மூக்கு எங்கிருந்தோ வந்தமாதிரி இருந்ததாம். டேவிட் பேஷ் வரைந்த உருவம் அது. 1976-இல் பிரிட்டனில் வந்தபோது இங்கேயும் எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைத்தது, 1977-இன் ஐரோப்பியக் கார் விருதையும் வாங்கியது. பிரிட்டனில் அதற்குள் 3.5 லிட்டர் வி8 அலுமினிய இன்ஜின். அமெரிக்க பியூயிக்கிடம் உரிமை வாங்கி ரோவர் தனதாக்கிக்கொண்டது. 1985-இல் சென்னையில் செய்தபோது உள்ளே வைத்தது 1950களின் பரம்பரையைச் சேர்ந்த இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின். உடம்பு பறக்கத் தயாராக இருந்தது, நெஞ்சு இல்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. அப்பாவிடம் இந்த வி8-இன் சத்தத்தைக் கேட்கவைக்க ஆசையாக இருந்தது. உரிமையாளரிடம் கேட்டோம். சாவியைத் திருப்பினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் பானட் மேல் வைத்து அப்படியே நின்றார்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு கதை உண்டு. 1987 மே 8. சென்னையில் அந்த உடம்பு பழைய இன்ஜினோடு வெளிவந்துகொண்டிருந்த அதே காலம். லண்டனுக்கு வெளியே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில், மாற்று அறுவைக்காக ஒரு கல்லீரல் வந்து இறங்கியது. கென்சிங்டனில் உள்ள ஆஸ்பத்திரியில் ஒரு பெண் காத்திருந்தார். லண்டன் போலீஸின் வி8 எஸ்டி1 கார்கள் இரண்டு அந்தப் பெட்டியோடு கிளம்பின. வெள்ளிக்கிழமை, நகரம் முழுக்க நெரிசல். சந்திப்புகளில் போலீஸ்காரர்கள் வண்டிகளை மறித்து வழிவிட்டார்கள். 27 மைல் தூரத்தை 31 நிமிடத்துக்குள் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அறுவை நடந்தது, அந்தப் பெண் பிழைத்தார். காருக்குள்ளிருந்து எடுத்த அந்த ஓட்டத்தின் வீடியோ இன்றும் கிடைக்கிறது. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேகமான சலூன் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம் போதும். டிக்கியும் பின் சீட்டும் உள்ள, தினமும் ரோந்து போகும் வண்டி, தேவை வந்தபோது அப்படி ஓடியது.

மதிப்பு என்றால் விலையும்தான். இங்கே 40 வயது தாண்டிய வண்டியை வரலாற்று வண்டி என்று பதிந்துகொண்டால் சாலை வரி இல்லை. பெரிதாக மாற்றம் செய்யாமல் இருந்தால் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. சொந்தக் காரை லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. அதனால் ஓட்டாமலே வாங்கி வைக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். மார்க் 2-இல் ஓவர்டிரைவோடு (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கையால் கியர் போடும் 3.8-க்குத்தான் அதிக விலை. 2.4 லிட்டர் வண்டியில் பெரிய இன்ஜினை மாற்றி வைத்து விற்பதும் நடக்கும். அதனால்தான் எண்களைப் பார்க்கவேண்டும். பிளாக்கில் அடித்த இன்ஜின் எண்ணும் ஹெட்டில் அடித்த எண்ணும், தகட்டில் இருப்பதும், ஜாகுவார் ஆவணக் காப்பகம் தரும் சான்றிதழும் ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் எண்ணின் கடைசியில் ஒரு கோடும் 8 என்ற இலக்கமும் இருந்தால், கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையைச் சுருக்கும் விகிதம், 8-க்கு 1 என்று அர்த்தம். ஒரு எண்ணுக்குள் இவ்வளவு செய்தி.

துருதான் எமன். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எனக்கென்று ஒரு 2.4 வாங்கலாம் என்று, பெரியவரிடம் சொல்லாமல், ஒரு ஊருக்குப் போய்ப் பார்த்தேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன். மறு வாரம் பெரியவர் கூட வந்தார். சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்து, கதவுக்குக் கீழே ஓரமாக வைத்துக்கொண்டே போனார். இரண்டு இடத்தில் ஒட்டியது. மற்ற இடத்தில் எல்லாம் நழுவி விழுந்தது. தகடே இல்லை, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மார்க் 2 தனிச் சேசிஸ் சட்டம் இல்லாமல் உடம்பே எலும்புக்கூடாக இருக்கும் வண்டி. கீழ் ஓரமும், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும், முன் குறுக்குச் சட்டமும் அரித்துப்போனால் அழகு மட்டும்தான் மிச்சம். டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டும். முன்பணம் திரும்பி வரவில்லை. அந்த காந்தத்தைப் பெரியவர் எனக்கே கொடுத்துவிட்டார்.

ஓட்டாமல் பூட்டி வைக்கும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தம். ஓடாத வண்டியில் பிரேக் இறுகிக்கொள்ளும், ஆயில் சீல் காயும், பெட்ரோல் பழசாகும். 2021-இலிருந்து பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது மெல்லத் தின்னும். பெரியவர் எத்தனால் குறைந்த விலை கூடிய பெட்ரோலைத்தான் போடுவார், எல்லாக் குழாயையும் புதுசு மாற்றிவிட்டார், மாதம் இரண்டு தடவையாவது ஓட்டுவார். முதல் கியருக்கு, பற்கள் இடிக்காமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் இல்லை, வண்டி நின்ற பிறகு பொறுமையாகப் போடவேண்டும். கெனில்வொர்த் சாலையில் மரங்களுக்கு நடுவே நாலாவது கியரில் போய், ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன நெம்புகோலைத் தட்டினால் ஓவர்டிரைவ் விழும், இன்ஜின் சட்டென்று மூச்சைத் தணிக்கும். பின் சீட்டில் என் மகள் மேசையைத் திறந்து வரைந்துகொண்டிருப்பாள். பதினோரு வயதாகிவிட்டது, இன்னும் அதே மேசைதான்.

போன சனிக்கிழமை டியூனிங். ஏர் ஃபில்டரைக் கழற்றினோம், இன்ஜின் சூடேறியது. பெரியவர் குழாயை எடுத்தார், காதில் வைத்தார், முன்னும் பின்னும் மாற்றிக் கேட்டார். கொஞ்ச நாளாகவே அவருக்குக் காது முன்போல இல்லை. குழாயை என்னிடம் நீட்டினார்.

வாங்கி வைத்துக் கேட்டேன். முன்னது. பின்னது. மறுபடி முன்னது. பின்னது கொஞ்சம் அதிகமாக இழுக்கிறது என்றேன். அவர் குனிந்து ஸ்குரூவைத் துளி திருப்பினார். இப்போது கேள் என்பதுபோலப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.